ஹிருத்தின் இடது கை

வலது தோள்மூட்டு கதிரையில் சாயவே விடுகிறதில்லை, சாய்ந்தால் ஊசி ஏறுகிறது, நிமிர்ந்தால் வலி கழுத்துக்குப் போகிறது, சரி, கிடக்கட்டும்... வேலையில்லாத சனிக்கிழமையிலும் உடம்பு வேலையை விடவில்லை. பிளாக்டவுனில் இப்படியொரு மண்டபம் இருப்பதே எனக்குத் தெரியாது, மீன் வாங்க இந்தத் தெருவால்தானே போய் வருகிறேன். ஆபிரிக்கச் சங்கீதம் என்றதும் மேளம் காதைப் பிளக்கும் என்று நினைத்துக் காதுக்குப் பஞ்சு கொண்டுவந்தேன், மகள் ஜெசிக்கா கண்டுவிட்டாள். "அம்மா ப்ளீஸ், அதை ஹாண்ட்பாக்குக்குள்ள வையுங்கோ, ஆரும் பாத்தா ஷேம்." மேளம் எங்கே? முதலில் வந்தவர் மாலி நாட்டுக்காரர், பெரிய சுரைக்குடுவையில் நரம்பு கட்டிய கோரா, பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும்தான் ஓடின, தகரத்தில் தூறல் விழுந்த மாதிரி. பிறகு சிம்பாப்வேக்காரர் இருவர், சின்ன இரும்புத் தகடுகளை விரலால் தட்டித் தட்டி, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பி... அதற்குப் பிறகு நைஜீரியப் பெண் ஒருத்தி பியானோவில் தன் ஊர்ப் பாட்டை வேறு விதமாய் விரித்தாள். இதெல்லாம் செவ்விசை, ஆபிரிக்காவுக்கு ஒரே சத்தம் என்று இனிச் சொல்லாதீர்கள் என்று அறிவிப்பாளர் சிரித்தார். நான் சொன்னவள்தான், பஞ்சோடு வந்தவள்தான். நன்றாயிருந்தது, பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடுத்தது ஹிருத், கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

ஹிருத் எத்தியோப்பியாக்காரி, துணி வெளுக்கிற லோண்ட்ரியில் என்னோடு ஒரே மெசினில் நிற்கிறவள். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஈரத்தோடு உருவி எடுத்தால் ஒவ்வொரு கட்டும் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரிக் கனக்கும். இந்தக் கச்சேரிக்கு அழைப்பு வந்த கிழமையே அவளுக்கு இடது மணிக்கட்டு வீங்கியது, அந்தக் கையால்தான் யாழ் நரம்பை மீட்டவேண்டும். சுப்பவைசரிடம் சொன்னால் லைட் டியூட்டி என்பான், பிறகு மெல்லமாய் ஷிஃப்டைக் குறைப்பான், எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. "இந்தக் கை போனால் இனி நான் வாசிக்கமாட்டன் மேரிறோஸ்," என்றாள், அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு நான் என்ன யோசிக்க? ஈரமெல்லாம் எனக்கு, துவாய் மடிப்பு உனக்கு என்றேன். மன்னாரில் பதினைந்து வயதில் கருவாட்டு மூட்டை தூக்கிய தோள் இது, அதில் பெருமையும் இல்லை, வீட்டில் அரிசி இல்லை, தூக்கினேன், அவ்வளவுதான். கிரிஜா மற்ற மெசினில் நின்று சும்மா இருந்தாளா? "மேரியக்கா, அவ மேடையில ராணி, நீங்கள் இஞ்ச கழுதையோ?" "கழுதைதான், உதைக்கத் தெரிஞ்ச கழுதை, கிட்ட வராதையும்," என்றேன். சிரித்தாள், ஆனாலும் அடுத்த நாள் ஒரு கட்டுக்கு அவளும் வந்து கைபிடித்தாள்.

வந்துவிட்டாள்... வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, எங்கள் நீல ஏப்ரனுக்குள் நின்றவளா இவள்? பெகெனா என்கிற அந்த யாழ் அவளுடைய நெஞ்சுக்கு மேல் வருகிறது, கதவுநிலை மாதிரி, பத்து நரம்பு. முதல் நரம்பு அசைந்ததும் சத்தம் காதுக்கு வரவில்லை, கதிரைக்கால் வழியாய் ஏறி வந்தது, இரைச்சலோடு, வண்டு புகுந்த குடம் போல. நரம்புக்கு அடியில் தோல் துண்டு வைத்தால் அப்படித்தான் இரையும் என்று சொல்லியிருந்தாள், தங்கள் தவக்காலத்தில் வாசிக்கிற செபம், கைதட்டுகிறதில்லை என்றும். ஆறுதலாய்ப் பாடுகிறாள், காதுக்குள் சொல்லுகிற அளவில்... எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் கையைப் பார்க்கிறேன். சின்னவிரல் பிந்துகிறது. பிந்துகிறது, ஓம், மீண்டும் பிந்துகிறது, மாதாவே, விட்டுவிடாதே... நின்றுவிட்டது. கை நரம்பின்மேல் அப்படியே படுத்துவிட்டது. அவள் குரல் மட்டும் நிற்கவில்லை, வெறும் குரலால் ஒரு அடி, இன்னொரு அடி, மண்டபமே முன்னால் சாய்ந்தது, பிறகு ஒரு விரல், இரண்டு விரல், கை எழும்பி வந்து முடிவுவரை போனது. சனம் கைதட்டியது, அவர்களுக்கு யார் சொன்னது தட்டக்கூடாதென்று? "அம்மா, கிளாப் பண்ணுங்கோ, எல்லாரும் பண்ணுகினம்." நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

வெளியே தேநீர் மேசைக்கருகில் ஹிருத் வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "பாதியில நிண்டதைக் கண்டனியோ?" "கண்டனான்." "வேற ஆரும்?" "இல்லை, பாட்டே அப்பிடியெண்டு நினைச்சிருப்பினம்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணிக்கட்டை அமர்த்திப் பார்த்தேன், சூடு உண்டு, வீக்கம் இல்லை, பிழைத்த கைதான். எங்கள் உடைந்த இங்கிலிஷில் இவ்வளவும் பேசியபிறகு திடீரென்று கேட்டாள், "உங்கட ஆக்கள் தவக்காலத்தில என்ன பாடுவினம்?" சிலுவைப்பாதையில் புலம்பல் பாடுவோம் என்றேன். "அப்ப பாடு." "இஞ்சயோ? உனக்கென்ன விசரோ?" "சரி, திங்கக்கிழமை மெசினுக்குப் பக்கத்தில. எனக்கு மட்டும்." ஓம் ஓம் என்றுவிட்டேன், தப்பினால் போதுமென்று.

ஜெசிக்கா கார் ஓட்டுகிறாள், வீடிருக்கிற டூங்கபி வந்துவிடும், மனம் நிறைந்துதான் இருக்கிறது, நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கிற மாதிரி. மெல்லமாய் அந்தப் புலம்பலின் முதல் அடியை இழுத்துப் பார்த்தேன், கோயிலில் நூறு பேருக்குள் வருகிற சொல் இங்கே வரவில்லை. "என்னம்மா, ஆர் யூ ஓகே?" "ஒண்டுமில்லை, ரோட்டைப் பார்." என் குரல் எப்படியிருக்கும்? தனியே நான் அதைக் கேட்டதே இல்லையே, ஐம்பத்தாறு வயதுக்குள் ஒரு நாளாவது? ஈரக்கட்டு என்றால் தூக்கியிருப்பேன், இதை எந்தத் தோளில் தூக்க... ஓம் என்று சொன்னது நான்தான். ஹிருத்துக்கு நான் ஒரு பாட்டு கடன்பட்டிருக்கிறேன்.