டப்பாவுக்குள் இருந்தவர்

ஐந்து துண்டுச்சீட்டு, ஐந்து கையெழுத்து. மூன்றை வலது கையால் மூன்று விதமாகச் சாய்த்து எழுதினாள். நான்காவதை இடது கையால். ஐந்தாவதைக் கணவன் பக்கம் தள்ளி, "கொஞ்சம் கோணலா எழுதுங்க" என்றாள். கோணலாக எழுத அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றான் அவன்.

"எங்கப்பாவை மேடையில உக்கார வெச்சு, ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்காம திருப்பி அனுப்பினா அதுதான் ஏமாத்து வேலை. எழுதுங்க."

விஷயம் இதுதான். 'ஒன்பதாம் கலம்' என்றொரு விண்வெளித் தொடர் முப்பது வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்டது. அதில் வரும் ரோபோவுக்கு டப்பா என்று பெயர். கேப்டன் திட்டினாலும் டப்பா, கொஞ்சினாலும் டப்பா. அந்தத் தகரக் கூட்டுக்குள் மூன்று வருஷம் வெந்தவர் இவளுடைய அப்பா. தலையில் கவசம் இருந்ததால் அவர் முகம் யாருக்கும் தெரியாது. குரலும் அவருடையதில்லை, வேறொருவர் பேசினார். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயரைப் போடவில்லை. தொடர் முடிந்ததும் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் சேர்ந்து, இருபத்தாறு வருஷம் போர்வை துவைத்து ஓய்வுபெற்றார்.

எட்டு வயதில் இவள் பள்ளிக்கூடத்தில், "டப்பாவுக்குள்ள இருக்கிறது எங்கப்பா" என்று பெருமையாகச் சொன்னாள். அதற்குக் கிடைத்த பரிசு 'புளுகுமூட்டை' என்கிற பட்டம். பள்ளியை விட்டுப் போகும்வரை அது அவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் அழுதுகொண்டே வந்து, "நீங்களே வந்து சொல்லுங்கப்பா" என்று கேட்டாள். "வந்து எதைம்மா காட்டறது? மூஞ்சியையா, குரலையா? விட்டுத் தள்ளு" என்றார் அவர். அவள் விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

அவளாவது விடுவதாவது. மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாளெல்லாம் கேட்கிறவளுக்குப் பொறுமைக்கா பஞ்சம்? தொடரின் ரசிகர்கள் மாநாடு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மூன்று பக்கத்துக்குக் கடிதம் போட்டாள். ஒரு நடிகர் வர முடியாமல் போய் மேடையில் ஒரு நாற்காலி காலியானது. அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடைக்கென்று அவருக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கினாள். கடை மூடும் நேரம். அவர் வலது காலுக்கு மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா" என்றார் மாநாட்டு நாள் காலையில்.

"போடப் போட இளகிடும்பா."

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. "அந்த டப்பா நடையை நடந்து காட்டுன்னு கேட்டா என்ன பண்றது? எனக்கே மறந்துபோச்சு. நேத்து கதவைச் சாத்திக்கிட்டு நடந்து பாத்தேன். துணிக்கூடை தள்ளுற ஆள் மாதிரிதான் இருக்கு."

"யாரும் நடக்கச் சொல்ல மாட்டாங்க. நாலு கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லுங்க, போதும்" என்றாள், பைக்குள் இருந்த சீட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

வாடகை மண்டபம் முழுக்கப் பசையும் பெயின்ட்டும் மணத்தன. அட்டைப்பெட்டிக்கு வெள்ளித்தாள் ஒட்டிய டப்பாக்கள் குறைந்தது ஐம்பதாவது இருக்கும். பெரியவர்கள், கல்லூரிப் பெண்கள், கைக்குழந்தையோடு ஒரு டப்பா. அத்தனை பேரும் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்கள்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, எல்லாரும் ஏன் நொண்டறாங்க?"

"டப்பா அப்படித்தானேப்பா நடக்கும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிகழ்ச்சியை நடத்தும் பெண் வந்து அவரை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போய்விட்டாள். அங்கே கேப்டனாக நடித்தவர் இருந்தார். எழுபத்தைந்து வயதிலும் கணீர்க் குரல். அப்பாவுக்குக் கைகொடுத்து, "நீங்கதானா? ரொம்ப சந்தோஷம்" என்றார். கண்ணில் சந்தேகம்தான் இருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் படப்பிடிப்புக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அப்பாவைக் கூட்டுக்குள் பூட்டிவிடுவார்கள், அவர் போன பிறகுதான் திறந்துவிடுவார்கள். மூன்று வருஷம் பக்கத்தில் நின்று நடித்த ஆளின் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

மேடையில் நான்கு நாற்காலிகள். மற்ற மூவருக்கும் முன்னால் பெயர் எழுதிய அட்டை. அப்பாவுக்கு முன்னால், 'டப்பாவுக்குள் இருந்தவர்'.

ரசிகர்கள் எழுதிப்போட்ட கேள்விகள் ஒரு பெட்டியில் கிடந்தன, அவளுடைய ஐந்து சீட்டும் அவற்றோடு. நடத்துகிற பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். முதல் கேள்வி கேப்டனுக்கு. இரண்டாவதும் கேப்டனுக்கு. அவரோ ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்கிற ரகம். விமானியாக நடித்த அம்மாளுக்கும் மருத்துவராக நடித்தவருக்கும்கூட ஆளுக்கு நான்கு கேள்விகள் வந்தன. அப்பா தண்ணீரைக் குடித்தார். டம்ளரை இடமிருந்து வலம் நகர்த்தினார். பிறகு வலமிருந்து இடம். அவள், 'எடு, என் சீட்டை எடு' என்று மனதுக்குள் மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து அந்தக் கோணல் கையெழுத்து வெளியே வந்தது. நடத்துகிறவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "டப்பா ஐயாவுக்கு. கூட்டுக்குள்ள மயக்கம் வராம இருக்கப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருப்பீங்களாமே, உண்மையா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்புறம் சிரித்தார். "உண்மைதாங்க. என் பொண்ணு அப்ப வாய்ப்பாடு படிச்சுக்கிட்டிருந்தா. ஆனா இது எனக்கும் அவளுக்கும் அவங்கம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவங்கம்மா இப்ப உயிரோட இல்லை. அதனால இந்தக் கேள்வியைக் கேட்டது, அதோ, மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டிருக்காளே, அவதான்."

மண்டபம் சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளுக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியபின் எழுந்த முணுமுணுப்புதான் அவளை உண்மையில் பயமுறுத்தியது.

நடு வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். வெள்ளித்தாள் உடம்பு, அட்டைத் தலை கக்கத்தில். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. போன மாநாட்டுல ஒருத்தர் வந்து, நான்தான் டப்பான்னு சொன்னார். கூட நின்னு படமெல்லாம் எடுத்துக்கிட்டோம். அப்புறம் பாத்தா அவர் அந்த ஸ்டுடியோ வாசலைக்கூட மிதிச்சதில்லை. இப்ப நீங்க வந்திருக்கீங்க. கேள்வியும் உங்க வீட்டுலேருந்தே வருது. நாங்க எப்படி நம்பறது?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எட்டு வயதில் தனக்குக் கிடைத்த பட்டத்தை இன்று ஐந்நூறு பேருக்கு முன்னால் அப்பாவின் தலையில் கட்டிவிட்டோமே என்று பதறினாள். "தப்பு என்னோடதுங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுந்தாள். அப்பா கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.

"நீ கேக்கறது நியாயம்தாம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "காட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை." நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். மேடைப் படிகள் இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். இரண்டு அடி சாதாரணமாக வைத்தார். மூன்றாவது அடியில் இடது கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. நான்காவதில் முழங்கால் மடங்காமல் இழுத்துக்கொண்டு வந்தது. மண்டபத்தில் யாரோ, "ஏய், அங்க பாரு" என்றார்கள்.

"எங்க போறீங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார் கேப்டன்.

அப்பா நின்றார். முதலில் உடம்பு மட்டும் கால்வாசி திரும்பியது. பிறகு ஓர் இடைவெளி, ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். அதற்கப்புறம்தான் தலை மெல்லத் திரும்பி, குரல் வந்த இடத்தில் வந்து நின்றது.

கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒவ்வொரு வாரமும் சொன்ன வசனம் அவரையறியாமல் வாயில் வந்தது. "டப்பா! கதவு!"

அப்பாவின் வலது கை, மணிக்கட்டு வளையாமல், காற்றில் இல்லாத ஒரு கதவை மூன்று முறை தட்டித் திறந்தது.

அப்புறம் ஐம்பது அட்டைப் பெட்டிகளும் ஒன்றாக எழுந்து நின்றன. கைத்தட்டலில் கூரை பறந்துவிடும் போலிருந்தது. கேப்டன் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டார். "நீதானாடா? மூணு வருஷம் என் பக்கத்துல நின்னது நீதானா?" என்று சொல்லிச் சொல்லி அழுதார். மூன்றாவது வரிசையில் ஒருத்தி வாய்விட்டே அழுதாள்.

பிறகு பெட்டியை யார் சீந்தினார்கள்? எல்லாக் கேள்வியும் அப்பாவுக்குத்தான்.

"தலையைத் திருப்பறதுக்கு முன்னாடி டப்பா ஏன் நிக்கும்?" என்று அந்தக் கல்லூரிப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "அது யோசிக்குதுன்னு நாங்க பக்கம் பக்கமா எழுதியிருக்கோம்."

"யோசனையாவது ஒண்ணாவது. கவசத்துல இடது கண்ணுக்கு மட்டும்தான் ஓட்டை. கேப்டன் எங்க நிக்கறார்னு காதால கண்டுபிடிச்சுத்தான் திரும்பணும்."

"அந்த நொண்டல்?"

"பூட்ஸ் கடிச்சுதும்மா. எனக்கு இடது கால் கொஞ்சம் பெரிசு."

வருஷக்கணக்காக நொண்டப் பழகியவர்கள் அத்தனை பேரும் குனிந்து தங்கள் இடது காலைப் பார்த்துக்கொண்டார்கள். "பதினாறு பதிமூணு?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "இருநூத்தி எட்டு" என்றார் அப்பா, கண் சிமிட்டுவதற்குள்.

கையெழுத்துக்கு வரிசை வாசல்வரை நின்றது. அந்தப் பெண் தன் அட்டைத் தலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இவளிடம் வந்தாள். "நீங்க டப்பாவோட பொண்ணா?"

"ஆமா" என்றாள் இவள். இத்தனை வருஷமாகச் சொல்லக் காத்திருந்த பதில், ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. ஆசை தீராமல் இன்னொரு தடவையும் சொன்னாள்.

சாயங்காலம் கணவன் தண்ணீர் வாங்கப் போக, அப்பாவும் மகளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அவர் இன்னும் இடது காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

"போதும்பா, இங்க யாரும் பாக்கலை. சாதாரணமா நடங்க."

"சாதாரணமாத்தாம்மா நடக்கிறேன்."

அவள் நின்றாள். அவரை பெஞ்சில் உட்கார வைத்து, குனிந்து இடது ஷூவைக் கழற்றினாள். சுண்டுவிரல் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. கடையில் இந்தக் காலுக்கு மாட்டிப் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணாடிக்காக ஊரார் முகத்தை மில்லிமீட்டரில் அளப்பவள், பெற்ற அப்பாவின் காலில் கோட்டை விட்டிருக்கிறாள்.

"காலையிலேயே சொல்லக் கூடாதாப்பா?"

"சொன்னேனே. இளகிடும்னியே." அவர் விரலை நீவிக்கொண்டார். "எழுந்தப்போ வீட்டுக்குப் போயிடலாம்னுதாம்மா எழுந்தேன். ரெண்டு அடி வெச்சேன், சுருக்குன்னு கடிச்சுது. அவ்வளவுதான், எல்லாம் தானா வந்துடுச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நாளைக்குக் காலையில முதல் வேலையா இதை மாத்திடறேன்."

அவர் ஷூவை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கையை வைக்காதே. அடுத்த வருஷமும் கூப்பிட்டிருக்காங்க."