மேனேஜர் ருசி பார்த்தது

வாடகை நாற்காலிகளை அவள் ஐந்தைந்தாக அடுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது.

"அண்ணி, இது எனக்குன்னு கோத்ததா?"

கையிலிருந்த நாற்காலி அப்படியே நின்றது. எதைக் கேட்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே, சன்னல் கம்பியில், நூலில் கோத்த காளான் துண்டுகள் ஒரு வாரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா கோத்தது. பாதியை அன்றே வதக்கித் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, மீதியை வழக்கம்போலத் தம்பிக்கென்று கோத்தார். இன்று காலை அவரைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

இந்த ஒரு வாரத்தில் மூன்று முறை அவள் அந்த நூலை அவிழ்க்கக் கை நீட்டினாள். மூன்று முறையும் யாராவது தண்ணீர் குடிக்க வந்தார்கள்.

அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் வேலை முடிந்து வரும் வழியில் காட்டுக்குள் புகுந்து, சாப்பாட்டு டப்பா நிறையக் காளானோடு வருவார். முதல் துண்டு நாய்க்கு. தின்று அரை மணி நேரம் அது சும்மா கிடந்தால்தான் வாணலி அடுப்பில் ஏறும். வேலை ஒன்றும் செய்யாமல் எல்லோரையும் அதட்டுவதால் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். "என்ன பாப்பா, மேனேஜர் பாஸ் பண்ணிட்டாரா?" என்று அப்பா குளியலறையிலிருந்தே கத்துவார். "பண்ணிட்டாருப்பா" என்பது அவள் சொல்ல வேண்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டவளை நம்பி அந்த வீட்டில் கொடுக்கப்பட்டிருந்த வேலை அது ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எல்லோரும் தின்ற நல்ல காளானைத் தின்றே மேனேஜர் வாந்தி எடுத்துச் சுருண்டுபோனது. மனிதர்களுக்கு ஒன்றுமில்லை. அவள்தான் அதைத் தூக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினாள்.

"காட்டுல பறிச்சது எதுவும் இதுக்குக் குடுக்காதம்மா. நமக்கு ஆகுற காளானே இதுங்களுக்கு ஆகாமப் போகும். விஷக் காளான்னா இன்னும் மோசம், சிலது மறுநாள்தான் வேலையக் காட்டும். அரை மணி நேரத்துல நாயப் பாத்து என்னத்தக் கண்டுபிடிப்பீங்க?"

வீட்டில் வந்து சொன்னாள். அப்பா சிரித்தார். "ஊசி போடுறவருக்குக் காளானப் பத்தி என்ன தெரியும்?"

அன்றிலிருந்து முதல் துண்டு அவள் உள்ளங்கையில் ஒளிந்து, பின்சுவரைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. "பண்ணிட்டாருப்பா" மட்டும் மாறவில்லை.

போன வாரமும் அப்படித்தான். மறுநாள் விடியும்போது அப்பாவுக்கு வயிற்றைப் பிடித்தது. அடுத்த நாள் தேறி மில்லுக்குக்கூடப் போனார். அதற்கடுத்த நாள் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள்.

"காளான் சாப்ட்டாருங்க. ஆனா நாயும் தின்னுச்சு, அது குத்துக்கல்லாட்டம் இருக்கு" என்றாள் அம்மா. அவள் பக்கம் திரும்பினாள். "தின்னுச்சில்லடி?"

அவள் தலையாட்டினாள். டாக்டர், குடிப்பழக்கம் உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

சித்தப்பா காளான் சரத்தைக் கையில் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னாலேயே சித்தி.

"வேணாங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"அண்ணன் கடைசியாப் பறிச்சதுடி. தூக்கியா போடச் சொல்ற? ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதான்."

"அப்ப நீங்களே தின்னுங்க. புள்ளைங்களுக்குக் குடுத்தீங்கன்னா பாத்துக்கங்க."

"சரி, அண்ணன் எப்படிப் பண்ணுவாரோ அப்படியே பண்ணிடுவோம்." நூலிலிருந்து ஒரு துண்டை உருவினார். "மேனேஜர் சார், கொஞ்சம் வாங்க. உங்க கையெழுத்து வேணுமாம்."

சித்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நாற்காலி அடுக்குக்கு அடியில் படுத்திருந்த மேனேஜர் எழுந்து, உடம்பை நீட்டி முறித்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

துண்டு தரையில் விழுந்தது.

நாய் மூக்கை நீட்டுவதற்குள் அவள் அதன்மேல் காலை வைத்தாள்.

"என்ன பாப்பா?" என்றார் சித்தப்பா. "காலை எடு."

எடுக்கவில்லை. காய்ந்த துண்டு பாதத்துக்கு அடியில் நொறுங்குவது தெரிந்தது.

"அட, அதான் ஏற்கெனவே தின்ன நாயாச்சே. இன்னொரு துண்டுல என்ன ஆயிடப்போவுது?"

சமையலறை வாசலுக்கு அம்மா வந்தாள். மகளின் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"அன்னிக்கித் தின்னுச்சில்ல?" அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

தெருவில் நாற்காலிக்காரரின் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. சித்தப்பாவின் கையிலிருந்த சரம் மெல்லத் தணிந்தது.

மேனேஜர் அவள் கால்விரல்களை ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு அந்தப் பாதத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அது எப்போது நகரும் என்று காத்திருந்தது.