அம்மாவின் போனுக்குப் போன உத்தரவு

"அதை ஆன் பண்ணக் கூடாதுன்னா கூடாது, அவ்வளவுதான்!"

"நீ யாருண்ணா அதைச் சொல்ல? அம்மாவோட போன், அப்பா கேக்கறாரு—"

"முதல்ல நான் சொல்றதைக் கேளு—"

"ஒரு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்! இந்த மாசம் வர்றேன், அடுத்த மாசம் வர்றேன்னு. உன் சர்வர் தும்மினா ஓடறே. அப்பா இருமினா மெசேஜ் போடுங்கறே."

அலுவலகத்தின் சர்வர் அறையில், ஏசி இரைச்சலுக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் போனோடு அண்ணன் நின்றிருந்தான். அந்தக் குளிருக்குள் அவனைத் தவிர வேறு யாரும் வருவதில்லை. மதியச் சாப்பாடுகூட அவனுக்கு அங்கேதான்.

"சரி, சொல்லித் தொலை. ஏன் கூடாது?"

"அது ஆபீஸ் போன். பழசாப் போச்சுன்னு நான்தான் அம்மாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே ஆபீஸ் கணக்குலேர்ந்து எடுத்திருக்கணும். எடுக்கல."

"அதனால என்ன இப்போ?"

"ரொம்ப நாளா யாரும் தொடாத போனையெல்லாம் துடைச்சிடுன்னு மேனேஜர் சொன்னாரு. காலையில மொத்தமா உத்தரவு அனுப்பிட்டேன். இப்ப நீ பேச்செடுத்ததும்தான் பட்டியலைப் பார்த்தேன். அம்மாவோடதும் இருக்கு."

"துடைக்கறதுன்னா?"

"உள்ளே இருக்கறது எல்லாம் போயிடும். அணைஞ்சு கிடக்கறதால தப்பிச்சிருக்கு. உத்தரவு இங்கே சர்வர்ல காத்துக்கிட்டிருக்கு. ஆன் பண்ணினா போய்ச் சேர்ந்துடும்."

"அம்மா குரலுமா?" என்றாள் தங்கை. அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. எதுவானாலும் போனில் பேசிப் பதிந்துவைப்பாள். வாங்க வேண்டிய சாமான், மாத்திரை வேளை, அப்பாவுக்கு ஒரு திட்டு, திட்டிவிட்டு ஒரு சிரிப்பு. அவள் குரல் வேறெங்கும் இல்லை.

"அனுப்பினதைத் திரும்ப வாங்கிக்கோயேன்."

"முடியாது. இது அரதப்பழசு சிஸ்டம். அனுப்பினது அனுப்பினதுதான்."

"அண்ணா... அதைச் சார்ஜ்ல போட்டுட்டுத்தான் வேலைக்கு வந்தேன். எந்தப் பட்டனை அழுத்தணும்னு அப்பாக்குக் காட்டிக்கூடக் கொடுத்தேன். வீட்டுல வேற போனும் கிடையாதே, கூப்பிட்டுச் சொல்ல."

"சிம்?"

"அதுக்குள்ளதான். நீதானே மாசாமாசம் ரீசார்ஜ் பண்றே? எதுக்குன்னு கேட்டா பேச்சை மாத்திடறே."

"நீ கிளம்பு. வீட்டுக்கு ஓடு."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். அம்மாவின் போனுக்கு நேரே 'காத்திருக்கிறது' என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. போன் ஆன் ஆகிவிட்டது.

சர்வரின் மின்கம்பிகளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. திரை இருண்டது. உத்தரவு போய்ச் சேர்ந்ததா, பாதியில் நின்றதா என்று சொல்லக்கூடிய ஒரே இடமும் அதோடு இருண்டுபோயிற்று.

கதவு தடதடத்தது. மேனேஜர்.

"என்னய்யா, மெயில் இல்லை, ஃபைல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! உள்ளே தூங்கறியா?"

"நான்தான் சார் அணைச்சேன்."

"அணைச்சியா? யாரைக் கேட்டு?"

"அம்மா போன் சார்."

"உங்கம்மாதான் போன வருஷமே—" மேனேஜர் பாதியில் நிறுத்தினார். அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தார். "உடனே மாட்டிட்டு என் ரூமுக்கு வா. இதைச் சும்மா விட மாட்டேன், ஆமாம்."

கதவு சாத்திக்கொண்டது. அவன் கம்பியை மாட்டவில்லை. தன் போனில் 'அம்மா' என்ற பெயரை எடுத்தான். மாதாமாதம் பணம் கட்டினானே தவிர, அவள் போன பிறகு அந்த எண்ணை ஒரு முறையும் அழைத்ததில்லை. அழுத்தினான்.

மணி அடித்தது. துடைத்த போனும் மணி அடிக்கும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, நான்தான். ஆன் பண்ணிட்டீங்களா? பரவாயில்லப்பா, உங்க மேல தப்பில்ல... அதுல அம்மா பேசறாங்களாப்பா?"