கழுவிய கண்ணாடி

மலைக்கு வந்த மூன்றாவது வாரத்தில் தாரணியின் விரல் நுனிகள் உரிய ஆரம்பித்தன. ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்த விரல்கள் சோப்புத் தூளில் ஊறி வெளுத்துக் கிடந்தன.

அவளும் அதீபாவும் நாமக்கல்லில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பருவத்தின் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அவர்களைக் கொல்லிமலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். பேளுக்குறிச்சிச் சந்தையில் தாரணியின் அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம், தன் மகள் மலையில் ரத்தம் பரிசோதிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் டியூப் கழுவினாள். சீட்டில் பெயர் எழுதினாள். வரிசையில் முண்டுபவர்களை அதட்டினாள். டெக்னீஷியன் அர்த்தனாரிக்கு டீ வாங்கி வந்தாள்.

அர்த்தனாரி கெட்டவர் இல்லை. "பாத்துக்கங்க கண்ணு, பாக்கப் பாக்கத் தானா வந்துரும்" என்பார். ஆனால் ரத்தம் எடுக்கும்போது அவருடைய அகன்ற முதுகு நோயாளியை முழுக்க மறைத்துவிடும். மூன்று வாரமாக அவர்கள் பார்த்தது அந்த முதுகைத்தான்.

"நம்ம சர்டிபிகேட்ல பாத்திரம் தேய்க்கிற டிப்ளமோன்னு போடச் சொல்லோணும்" என்றாள் அதீபா. அவள் சேந்தமங்கலத்துப் பெண். அவளுடைய அத்தா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். "எங்க கடையிலயே இதக் கத்துட்டிருப்பனே. எதுக்குப் பஸ் ஏறி வாந்தி எடுத்துட்டு இங்க வந்தேன்?"

தாரணி சிரிப்பாள். ஆனால் அதீபாவிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் இருந்தது. கழுவுவதில் அவளுக்கு ரகசியமான ஒரு பெருமை வந்துவிட்டது. வேறு எதையும் தொட விடாதபோது கிடைத்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளத்தானே மனம் பார்க்கும்? சோப்புத் தூள் போட்டுப் பிரஷ்ஷைத் திருகித் திருகி அவள் கழுவிய டியூப்கள் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் மின்னின. "நல்லாத்தான் கழுவுற" என்று அர்த்தனாரி ஒருமுறை சொன்னார். அந்த வார்த்தையை அவள் இரண்டு நாள் மனதில் வைத்திருந்தாள். பிறகு அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

அலமாரியின் அடித்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பிரிக்காத புது டியூப்கள்.

"அந்தப் பொட்டியத் தொடாதீங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் அர்த்தனாரி.

"ஏனுங்க சார்?"

"தொடாதீங்கன்னா தொடாதீங்க. எல்லாத்துக்கும் ஏனுங்க ஏனுங்கன்னுட்டு."

"பொண்ணு கல்யாணச் சீருக்குச் சேத்து வெச்சிருக்காரு" என்று அதீபா அவள் காதில் முணுமுணுத்தாள்.

அந்த வியாழக்கிழமை மருந்துச் சாமான் எடுத்து வர அர்த்தனாரி நாமக்கல் போய்விட்டார். வருபவர்களை நாளைக்கு வரச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது.

மலையிலேயே பைல் நாடு என்கிற பகுதியிலிருந்து வந்திருந்தார்கள். பெருமாயி என்ற பெண்ணை அவள் கணவன் வெங்கிடுசாமி தோளில் தாங்கி இறக்கினார். அன்னாசித் தோட்டத்தில் களை எடுத்தபோது புதருக்குள் கையை விட்டிருக்கிறாள். சுருக்கென்றது. ஏதோ சரசரத்து ஓடியதாகப் பக்கத்தில் இருந்த வெங்கிடுசாமிக்குக் கேட்டது. கண்ணால் பார்க்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கை வீங்கியிருந்தது. புறங்கையில் இரண்டு சிவந்த புள்ளிகள்.

கட்டைத் தளர்த்திவிட்டு டாக்டரம்மா அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பின் பல்லாக இருக்கலாம். அன்னாசி மடலின் முள்ளாகவும் இருக்கலாம். வீக்கம் விஷத்தால் வந்ததா, கட்டியதால் வந்ததா? புதிதாக வாங்கிய செல்போனை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. நர்ஸ் பிரசவ அறையில் இருந்தார்.

"லேப்புல யாரும்மா? ரத்தம் எடுத்துக் கண்ணாடி டியூப்புல விட்டு வை. இருபது நிமிஷம் அசைக்காதே. அப்புறம் சாய்ச்சுப் பாக்கலாம். உறைஞ்சிருந்தா பயமில்ல. உறையலைன்னா விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு."

'நாங்கள் எடுத்ததில்லை மேடம்' என்று தாரணியின் வாய் வரைக்கும் வந்தது. வகுப்பில் ரப்பர் குழாயில் குத்தியிருக்கிறாள். ஒருமுறை அதீபாவின் கையில் குத்தி நீலம் பாய வைத்திருக்கிறாள். இவ்வளவுதான். ஆனால் டாக்டரம்மா அதற்குள் திரும்பிவிட்டார்.

வீங்காத கையில் பெருமாயியின் நரம்பு முதல் குத்தில் நழுவியது. "ஸ்ஸ்" என்றாள் அவள். இரண்டாவதில் சிரிஞ்சுக்குள் சிவப்பு ஏறியது. தாரணிக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. லேபுக்கு ஓடி, ரேக்கிலிருந்து இருப்பதிலேயே பளபளப்பான டியூப்பை எடுத்து ரத்தத்தை அதில் விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எடுத்துவிட்டோம், எடுத்தேவிட்டோம் என்று உள்ளே ஒன்று குதித்தது. ஒருத்தி அங்கே படுத்திருக்கும்போது தனக்கு வந்த அந்தச் சந்தோஷம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

இருபது நிமிடம் ஆனதும் டாக்டரம்மா வந்து டியூப்பைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

"பாம்புதான்." டாக்டரம்மாவின் முகம் இறுகியது. "மருந்து ஏத்திக் கீழ அனுப்பணும். இருக்கறது ஒரு ஆளுக்குத்தான் வரும். அந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்காது. பாக்கலாம்." குளிர்பெட்டியைத் திறக்கப் போனார்.

தாரணி டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரத்தம் கண்ணாடியில் ஒட்டாமல் வழுக்கி வழுக்கி ஓடியது. எவ்வளவு சுத்தமான கண்ணாடி.

சோப்பு.

வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரி எங்கிருந்தோ எழுந்து வந்தது. சுத்தமான, உலர்ந்த, சோப்பு படாத கண்ணாடி. சோப்பு பட்டால் ரத்தம் உறையாது. அப்படித்தான் எழுதினாளா? இல்லை, இப்போது பயம் அதை எழுதிக் காட்டுகிறதா? சொல்லிவிட்டு, அது தவறாக இருந்தால், இன்னும் இருபது நிமிடம் அந்தப் பெண்ணின் உடம்பில் விஷம் ஏறும். சொல்லாமல் இருந்தால் முள் குத்தியவளுக்கு மருந்து ஏறும். அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நாளைக்கு நிஜமாகவே கடிபட்டு வருகிறவருக்கு மருந்து இருக்காது. எதற்காகச் சொல்ல நினைக்கிறேன்? அவளுக்காகவா, என் மேல் பழி வராமல் இருக்கவா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றாகக் குழம்பின. கால்கள் மட்டும் நடந்துகொண்டிருந்தன.

"மேடம், அந்த டியூப்பு நான் சோப்புத் தூள் போட்டுக் கழுவினதுங்க."

டாக்டரம்மாவின் கை மருந்துப் புட்டியின் மேல் நின்றது. "என்ன சொன்னே?"

"ரேக்குல இருக்கறது எல்லாமே சோப்புல கழுவினதுங்க."

"இதுக்குன்னு புது டியூப் தனியா வெச்சிருப்பாரே அர்த்தனாரி?"

"அதத் தொடக் கூடாதுன்னு சொன்னாருங்க."

"ஏன்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். கத்துவார் என்று தாரணி காத்திருந்தாள். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "மருந்து பக்கத்துலயே இருக்கட்டும். நான் அவங்க கூடவே இருக்கேன், ஏதாவது மாறினா உடனே ஏத்திருவேன். நீ மறுபடி எடு."

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கா? ஓடு."

அட்டைப்பெட்டியை அதீபா பிரித்தாள். "எங்க அத்தா மேல சத்தியமா, இது சீருன்னே நெனச்சேன்டி" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

மறுபடி ஊசியோடு வந்தவளைப் பார்த்ததும் வெங்கிடுசாமி எழுந்துவிட்டார். "ஏனுங்க, எடுத்த ரத்தம் என்ன ஆச்சு? அவ ஒடம்புல என்ன ஊத்தா தோண்டி வெச்சிருக்குது?"

தாரணி ஊசியைத் தாழ்த்தினாள். "தப்பான டியூப்புல விட்டுட்டேனுங்க. என் தப்புத்தானுங்க."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். படுக்கையிலிருந்து பெருமாயி அதே கையின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இங்க எடு சாமி. முன்ன குத்துன எடம் நோவுது. வெரசா எடு."

இந்த முறை ஒரே குத்தில் வந்தது. சந்தோஷம் வரவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் தாரணி டியூப்பின் பக்கத்திலிருந்து அசையவில்லை. மேஜை அதிருமோ என்று அதன் மேல் கைகூட வைக்கவில்லை. பக்கத்து அறையில் டாக்டரம்மா பெருமாயியின் ஈறுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது கேட்டது. "வாயத் தொற. எச்சில் துப்பு. ரத்தம் வருதா?" ஒவ்வொரு முறையும் பதில் வரும்வரை தாரணி கடிகாரத்தையே பார்த்தாள். இப்போது டாக்டரம்மாவின் கை மருந்துக்கு நீண்டால், அது என் இருபது நிமிடம். என் சந்தேகத்துக்காக அந்தப் பெண் கொடுத்த இருபது நிமிடம்.

"சாய்" என்றார் டாக்டரம்மா, அறைக்குள் வந்து.

"நீங்களே மேடம்..."

"சாய்."

சாய்த்தாள். ரத்தம் அசையவில்லை. டியூப்பை முழுக்கப் படுக்க வைத்தாள். கெட்டியாக, கறுப்புச் சிவப்பாக, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

அதீபா அழுதாள். தாரணிக்கு அழுகை வரவில்லை. டியூப்பை நிமிர்த்தி மறுபடி சாய்த்துப் பார்த்தாள்.

"இதோட முடியலம்மா" என்றார் டாக்டரம்மா. "சில விஷம் மெதுவா வேலை செய்யும். சாயங்காலம் மறுபடி பாக்கணும், ராத்திரியும் பாக்கணும். அதுவரைக்கும் அவங்கள அனுப்ப முடியாது."

மாலை பஸ்ஸில் அர்த்தனாரி வந்து இறங்கினார். லேபுக்குள் நுழைந்ததும் பிரித்துக் கிடந்த பெட்டியைத்தான் பார்த்தார்.

"யாரு இதத் தொட்டது?"

தாரணி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையிலிருந்த பையை இறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சோப்புப் போட்டதுல போடக் கூடாதுன்னு இதுகூடத் தெரியாதா கண்ணு உங்களுக்கு? ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லிருக்க மாட்டனா?"

"கேட்டமே சார்" என்றாள் அதீபா.

அவர் அதீபாவைப் பார்த்தார். பிறகு ரேக்கில் வரிசையாக மின்னிய டியூப்களைப் பார்த்தார். பையைக் கீழே வைத்து, முகம் கழுவுகிற சாக்கில் வெளியே போனார்.

பெருமாயிக்கு அடுத்த ரத்தம் எடுக்கும் நேரமாகியிருந்தது. அவர் திரும்பி வரக் காத்திருக்கலாமா என்று தாரணி கதவைப் பார்த்தாள். வந்தால் அந்த முதுகு மறுபடி குறுக்கே நிற்கும், தான் தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஆசை எவ்வளவு பெரியதாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது.

பெட்டியிலிருந்து ஒரு டியூப்பை எடுத்தாள். உட்புறத்தில் அட்டைத் தூசியோ என்னவோ, வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த டியூப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது சரியாக இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் தோன்றியது. சிரிஞ்சையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு பெருமாயி படுத்திருந்த அறைக்குப் போனாள்.