சாய்ந்த எழுத்து

குழந்தை சட்டையைக் கழற்றுவதற்குள் அதன் நெஞ்சில் எத்தனை கரண்டி சளி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். ஒரே ஒரு தடவை அரைக் கரண்டி குறைந்தது; அதுவும் பையன் வாசலிலேயே துப்பிவிட்டு வந்ததால்.

இதை நம்பாத ஒரே ஆள், படம் பார்த்து எழுதும் டாக்டரம்மா. மகள் வயதுதான். நான் ஒருமுறை மின்னலை எக்ஸ்ரே எடுத்த கதையைச் சொன்னதிலிருந்து, நான் வணக்கம் சொன்னால்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்.

எனக்கு ஒரு பழக்கம். இடப்பக்கம் எது என்று தெரிவதற்காகப் படத்தின் மூலையில் ஈயத்தாலான ஓர் எழுத்தை வைப்போம். நெஞ்சில் கோளாறு என்று எனக்குத் தோன்றும் குழந்தைக்கு மட்டும் அதைக் கொஞ்சம் சாய்த்து வைப்பேன். அப்போதிருந்த பெரிய டாக்டருக்குச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும். எழுத்து சாய்ந்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அவரும் போய்ச் சேர்ந்தார், நானும் ஓய்வு பெற்றேன். பிறகுதான் என் பழைய படங்கள் அத்தனையையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து நிமோனியா கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். அதே பழைய படங்களில் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாம். நோய் என்றால் திரையில் சிவப்பு, இல்லையென்றால் பச்சை; சிவப்பு வந்தால்தான் டாக்டர் படத்தைத் திறப்பார். அதை வைத்த மூன்று வாரமாகச் சிவப்பே அரிது என்று எல்லாருக்கும் ஏக மகிழ்ச்சி.

செவ்வாய்க்கிழமை காலை என் பேத்தியைக் கொண்டுபோனோம். நான்கு வயது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவே தோல் குழிந்தது. புதிதாக வேலைக்கு வந்த பெண், எழுத்தை ஆணி அடித்தாற்போல நேராக வைத்துப் படம் எடுத்தாள். திரையில் பச்சை. வீட்டுக்குப் போகலாம் என்றதும் மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படத்தின் மூலையில் நேராக நின்ற அந்த எழுத்தை அப்போதுதான் பார்த்தேன்.

டாக்டரம்மாவிடம் ஓடி, சாய்த்து வைத்த கதை முழுவதையும் ஒப்புக்கொண்டேன்.

"மூச்சைப் பிடிச்சுக்கன்னு சொல்லி மின்னலையே எக்ஸ்ரே எடுத்த ஆள் சார் நீங்க. அத்தனை ஆயிரம் படம் பாத்த கம்ப்யூட்டர், உங்க எழுத்தையா பாத்துட்டு இருக்கும்?"

"பொம்மையை வெச்சுப் பாத்துடுவோம், டாக்டரம்மா. பொம்மைக்குச் சளி பிடிக்காதுல்ல."

மெஷினைச் சோதிக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் குழந்தை உண்டு. விலா, நுரையீரல் எல்லாம் உள்ளே அச்சாக இருக்கும். எழுத்தை நேராக வைத்து எடுத்தோம். பச்சை. பொம்மையைத் தொடாமல் எழுத்தை மட்டும் சாய்த்தேன். திரை சிவந்தது. கடும் நிமோனியா, உடனே சேர்க்கவும்.

புதுப்பெண் களுக்கென்று சிரித்தாள். முதலில் சிரித்திருக்க வேண்டிய நானே சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா பேத்தியின் படத்தைத் திறந்தார். வலது நுரையீரலில் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆக்ஸிஜன் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். பேத்தியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு பச்சை வந்த படங்களின் பட்டியலைத் திறந்தார். முந்நூற்றுப் பதினொரு குழந்தைகள். அத்தனை பேரும் வீட்டில்.

முதல் நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க எழுத்தைத்தான் சார் பாத்திருக்கு."