ஒரு புகாரும் பாக்கியில்லை

எனக்குக் கைதட்டினார்கள். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

பறவைக் கணக்கெடுப்பவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் திறந்த மூல மென்பொருள் அது. சம்பளம் கிடையாது, எல்லாரும் தன்னார்வலர்கள். அதன் இணையதளத்தையும் வழிகாட்டிப் பக்கங்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு வருடம் முன்பு நானாகத்தான் கையைத் தூக்கினேன். யார் கெஞ்சினார்கள்? பக்கத்தில் பிழை இருக்கிறது என்று வரும் புகார்கள் நூற்றைத் தாண்டியதும் மூச்சு முட்டியது. முப்பது நாள் யாரும் கவனிக்காத புகாரைத் தானாகவே மூடிவிடும் ஒரு நிரலை ஏவிவிட்டேன். மூடும்போது, "உங்கள் அக்கறைக்கு நன்றி. இந்தப் புகார் முடிக்கப்பட்டது" என்று என் பெயரிலேயே ஒரு வரி எழுதும். பட்டியல் மளமளவென்று காலியானது. அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

இந்த வருடக் கூட்டத்துக்குத் தைபேயிலிருந்து ரயிலேறி யிலான் போயிருந்தோம். மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பிரிக்கும் நேரத்தில் ஒருங்கிணைப்பாளன் போ-யூ மைக்கைப் பிடித்தான்.

"நம்ம பெய்-ஷானைப் பாருங்கப்பா! ஒரு புகார்கூட பாக்கி இல்ல. நீங்களும் இருக்கீங்களே, பொரிச்ச கறின்னா மட்டும் டாண்ணு வந்துடுறீங்க!"

ஒரே சிரிப்பு. நான் கூச்சப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் பூரித்தேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து லியாவ் ஐயா எழுந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். ஆற்று முகத்துவாரத்தில் ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் பறவை எண்ணியவர்.

"நான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்துறப்ப ஒன்பது வருசக் கணக்கையும் அழிச்சுட்டேன். வழிகாட்டியில இருந்தபடிதான் செஞ்சேன். எங்கயோ நான்தான் சொதப்பியிருக்கேன்."

"எந்த இடத்துல ஐயா?" என்று கேட்டேன்.

"பழசை அழிக்கிறது மூணாவது, நகல் எடுக்கிறது நாலாவதுன்னு இருந்துச்சு. எனக்கே சந்தேகம் வந்து, வரிசை மாறிப்போச்சான்னு உங்களுக்கு எழுதினேனேம்மா. முடிச்சாச்சுன்னு பதில் போட்டீங்க. சரி, நீங்க பாத்துட்டீங்கன்னா பக்கம் சரியாத்தான் இருக்கும்னு அப்படியே செஞ்சேன்."

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததே, சீ, அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது!

"நீங்க எழுதினதுதான் சரி ஐயா. பக்கம்தான் தப்பு. உங்க புகாரை நான் படிக்கவே இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "அப்ப பதில் போட்டது யாரும்மா?"

"யாருமில்ல. அது தானா போகும்."

போ-யூ மைக்கைக் கீழே வைத்துவிட்டான். லியாவ் ஐயா நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"அதுக்குக் கீழ நான் நன்றி எழுதினேனே," என்றார். "இவ்வளவு வேலைக்கு நடுவுல எனக்காக உக்காந்து பாத்திருக்காங்களேன்னு, மூணு தடவை அடிச்சுத் திருத்தி எழுதினேன்."