ஓரத்துக் கிண்ணம்

ஆய்வகத்தில் அன்று மூன்று பேர் இருந்தோம். பேராசிரியை ஜன்னலோரம், மாமா கதவுப் பக்கத்து ஸ்டூலில், நான் விளக்குப் பெட்டிக்கு எதிரே. அக்காவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

கூடப் பிறந்தவள் அல்ல. எட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்ததால் அக்கா. அவள் கணவர் மாமா. கண்ணாடித் துண்டின் மேல் குறைகடத்தியை மெல்லிய படலமாகப் பூசுவது அவள் வேலை. அதை நீலச் சாயநீரில் போட்டு, விளக்கொளியில் நீலம் எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பது என் வேலை. வெளுத்தால், படலம் ஒளியைக்கொண்டு அழுக்கைச் சிதைக்கிறது என்று பொருள். நான்கு கிண்ணங்களில் படலம். ஐந்தாவதில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் கண்ணாடி. அது எப்போதும் வலது ஓரம்தான். எதையும் இடம் மாற்றாத என்னை அக்கா ‘ஸ்கேல்’ என்றே கூப்பிடுவாள்.

படலம் வேலை செய்கிறது என்று எங்கள் கட்டுரை வந்தது. மூன்றாம் மாதம் அவள் நோயில் போய்விட்டாள்.

போன வாரம் விளக்குப் பெட்டியின் ஸ்விட்சை மாற்றிய எலக்ட்ரீஷியன் கிண்ணங்களைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார். கவனிக்காமல் நானும் விளக்கைப் போட்டேன். நடுவில் வந்திருந்த வெறும் கண்ணாடிக் கிண்ணத்திலும் நீலம் போய்விட்டது. சாயம் வெளிச்சத்தில் தானாகவே வெளுத்திருக்கிறது. வலது ஓரத்தில் வெளிச்சம் குறைவு. அதனால்தான் அங்கே இத்தனை நாள் வெளுக்கவில்லை. ஆறு முறை இடம் மாற்றிப் பார்த்தேன். ஆறு முறையும் அந்த ஓரத்தில் வைத்தது மட்டும்தான் வெளுக்கவில்லை.

“அப்போ அவ பண்ணது பொய்யா?” என்றார் மாமா.

“இல்ல மாமா. அக்கா பூசினதுல ஒரு குத்தமும் இல்ல. நான் அளந்ததுதான் தப்பு.”

“அவ பேரு அச்சுல வந்தது அந்தக் கட்டுரை ஒண்ணுதான், தம்பி. ஆஸ்பத்திரியில தலைமாட்டுலயே வச்சிருந்தா. ரத்தம் எடுக்க வர்ற பொண்ணு, ‘எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சும்மா’ன்னுச்சு.” சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேராசிரியை மெதுவாகச் சொன்னார்: “பேசாம இருந்தா யாருக்கும் தெரியாதுங்க. ஆனா இதை நம்பி எங்கயோ ஒருத்தர் வருஷக்கணக்கா பூசிக்கிட்டிருப்பாங்க.”

மாமா வலது ஓரத்துக் கிண்ணத்தைச் சுட்டிக் காட்டினார்.

“அவ இருந்திருந்தா, ‘ஏண்டா ஸ்கேல், ஒரே மூலையிலயா வச்சே?’ன்னு உன் தலையில ஒரு குட்டு வச்சிட்டு, தானே எழுதியிருப்பா. எழுது.”

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன்: ‘கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். படலத்தைப் பூசியவரிடம் பிழையில்லை. பிழை அளந்தவனுடையது.’ பேராசிரியையும் நானும் கையெழுத்திட்டோம். மாமா எழுந்து வந்து, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முறை படித்தார்.

உறையை ஒட்டி ஓரங்களை அழுத்தினேன். மாமாதான் வாங்கிக்கொண்டு போய் வாசல் தபால் பெட்டியில் போட்டார். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.